சும்மா ஊர் சுற்றுவது

'எங்க கெளம்பிட்ட?' என்று கேட்டால் 'சும்மா' என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்க முடிகிறவன்தான் இந்த நாட்டின் முழுக் குடிமகன். மற்றவர்கள் எல்லாரும் காரணம் சொல்லியாக வேண்டும். கூலிக்குப் போகிறேன், சாவுக்குப் போகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கோர்ட்டுக்குப் போகிறேன். காரணமில்லாமல் ஒரு தலித் தன் தெருவில் நின்றால் சோம்பேறி. அடுத்த தெருவில் நின்றால் சந்தேகத்துக்குரிய ஆள். அடுத்த ஊரில் நின்றால், 'யார்றா நீ, எந்தத் தெரு?'

இப்போது நாடு முழுக்க ஒரு மோகம் பிடித்திருக்கிறது. 'ரோடு டிரிப்.' பத்து நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று காரையோ புல்லட்டையோ எடுத்துக்கொண்டு நாட்டையே ஒரு சுற்று சுற்றி வருவது. இதன் அழகே திட்டம் இல்லாததுதான் என்கிறார்கள். எங்கே இருட்டுகிறதோ அங்கே படுக்கை. எது கிடைக்கிறதோ அது சாப்பாடு. 'ப்ளானே கெடையாது சார், போற போக்குல பாத்துக்கலாம்.' நான் வேலை செய்யும் வங்கியில் எல்.எஃப்.சி. போட்டுவிட்டுக் கிளம்பும் பையன்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை நான் கேலி செய்யப்போவதில்லை. அந்தச் சந்தோஷம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது, நாம் ஏன் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

நான் இருக்கும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நாட்டைச் சுற்றப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பக்கத்திலேயே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போகிறது. தெற்கே திரும்பினால் பூந்தமல்லிக்கு அருகில் பெங்களூர் நெடுஞ்சாலை. வடக்கே திரும்பினால் கல்கத்தா நெடுஞ்சாலை. இரண்டுமே தங்க நாற்கரச் சாலையின் கைகள். சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா என்று மொத்தம் 5,846 கிலோமீட்டர். பெங்களூர் பக்கமாகப் போனவன் கல்கத்தா பக்கமாக வீடு திரும்பலாம். இங்கே விமானப்படைத் தளம் இருப்பதால் பஞ்சாபிக்காரரையும் பீகார்க்காரரையும் நாம் காய்கறிக் கடையிலேயே பார்க்கிறோம். சாலை இருக்கிறது. வண்டி கடனுக்குக் கிடைக்கிறது. நாடு முழுக்கத் தடையில்லாமல் நடமாடலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. அப்புறம் என்னதான் இல்லை?

தமிழில் இதற்கு 'ஊர் சுற்றுவது' என்று பெயர். 'ஊர்' என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க் கிணறு, ஊர்க் கோயில், ஊர்ப் பொது என்று சொல்லும்போதெல்லாம் நாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறோம். ஆகவே ஊர் சுற்றுவது என்பது சாதி இந்து ஒருவன் தன் ஊரிலிருந்து கிளம்பி இன்னொரு ஊருக்குள் நுழைந்து, அங்கும் தன்னைப் போன்ற ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பது. அவனுக்குத் திட்டம் தேவையில்லை. ஏனென்றால் அவனுக்காக இரண்டாயிரம் வருஷமாகத் திட்டம் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எந்த ஊரிலும் அவனுக்கு ஒரு தெரு இருக்கிறது. அவன் 'திட்டமில்லாமல்' போகிறான் என்பதே ஒரு தோற்றம்தான்.

நம்முடைய கதை வேறு. இந்த நாட்டில் சுற்றுலா போன தலித்துகளைப் பற்றி எழுதிய முதன்மையான ஆள் வேறு யாருமில்லை, அண்ணல் அம்பேத்கர்தான். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூலைப் பல தோழர்கள் படித்திருப்பார்கள். 1930களின் நடுவில் எழுதப்பட்டு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல்தான் தனி நூலாக வந்தது. அதைத் தீண்டாமைக் கொடுமைகளின் தொகுப்பாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். மறுபடி ஒருமுறை பயண நூலாக வாசித்துப் பாருங்கள். பல சம்பவங்கள் வழியில் நடப்பவை.

1901இல் சிறுவன் பீமராவ் சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குக் கிளம்புகிறார். புதுத் துணி, ரயில் பயணம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மசூர் ஸ்டேஷனில் இறங்கி மகர் பிள்ளைகள் என்று சொன்னதும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. மாட்டுவண்டிக்காரன் யாரும் வரவில்லை. கடைசியில் இரட்டை வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வருகிறான். கையில் சோறு இருந்தும் தண்ணீர் கிடைக்காமல் இரவு முழுக்கப் பட்டினி. 1929இல் சாலீஸ்காவில் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட ஒரு குதிரைவண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே ஓட்டுகிறார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கரின் கால் எலும்பு முறிகிறது. அவர் அப்போது வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய பாரிஸ்டர்.

இவை இரண்டும் காரியமாகப் போன பயணங்கள். 1934இல் நடந்ததுதான் நாம் பேசுகிற வகை. இயக்கத் தோழர்கள் சிலர் எங்காவது சுற்றிப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறார்கள். நீங்களும் வந்தால் போகலாம் என்கிறார்கள். அவரும் சரி என்கிறார். ஏறக்குறைய முப்பது பேர். மோட்டார் வண்டிகளில் நாசிக்கிலிருந்து அவுரங்காபாத் வழியாக எல்லோரா போவதாக ஏற்பாடு. பௌத்தக் குகைகளைப் பார்க்க வேண்டும். போகிற வழியில் தௌலதாபாத் கோட்டை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பயணத்தை அவர்கள் வெளியே அறிவிக்கவில்லை. தாங்கள் யார் என்று தெரியாமல் போகவே விரும்பினார்கள். தங்கும் இடங்களில் இருந்த நம் மக்களுக்கு மட்டும் சொல்லியிருந்தார்கள். தௌலதாபாத்தில் அப்படிக் காத்திருந்தவர்கள் முதலில் தேநீர் குடியுங்கள் என்று கூப்பிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இவர்கள் கிளம்பிவிட்டார்கள். கோட்டை வாசலில் நிறையத் தண்ணீரோடு ஒரு குளம். வழியெல்லாம் அப்பிய புழுதி. சிலர் முகம் கைகால் கழுவினார்கள். அவ்வளவுதான். ஒரு முஸ்லிம் பெரியவர் குளம் தீட்டாகிவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடியது. வசவு வந்தவர்களுக்கு மட்டுமில்லை, உள்ளூர் தலித்துகளுக்கும் சேர்த்து. ஒரு தீண்டப்படாதவன் முஸ்லிமாக மாறினால் அப்போதும் இப்படித்தான் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் கேட்ட பிறகே சத்தம் அடங்கியது. கோட்டைக்குள் விட்டார்கள். ஆனால் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடுகிறார்களா என்று பார்க்க ஆயுதத்தோடு ஒரு சிப்பாய் கூடவே வந்தான்.

சுற்றுலாப் பயணிக்கு வழிகாட்டி வருவான். நமக்குச் சிப்பாய் வந்தான். சாதி இந்து கண்டுபிடித்த நோய் எல்லா மதத்துக்கும் தொற்றியிருந்தது என்பதும் இந்தப் பயணத்தில் கிடைத்த பாடம்.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. நமக்குத் திட்டமில்லாத பயணம் என்பதே இல்லை. எந்த ஊரில் யாரிடம் சொல்லிவைப்பது, எங்கே இறங்குவது, எங்கே இறங்கக் கூடாது என்ற கணக்கு அம்பேத்கருக்கே தேவைப்பட்டது. இதே கணக்கை அடுத்த இரண்டு வருஷத்தில் அமெரிக்காவில் ஒருவர் புத்தகமாகவே அச்சடித்தார். விக்டர் கிரீன் என்பது பெயர். நியூயார்க் ஹார்லெமில் வசித்த தபால்காரர். கறுப்பர்கள் காரில் கிளம்பினால் எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எங்கே சாப்பாடு போடுவார்கள், எங்கே பெட்ரோல் ஊற்றுவார்கள் என்ற பட்டியல்தான் அந்தப் 'பச்சைப் புத்தகம்'. 1936இல் தொடங்கி 1966–67 பதிப்பு வரை வந்தது. இருட்டிய பிறகு கறுப்பர் கண்ணில் படக் கூடாது என்று விதித்திருந்த ஊர்கள் அந்த நாட்டில் இருந்தன. போற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று கறுப்பர் சொல்ல முடியாது. இந்தப் புத்தகமே தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று அந்தத் தபால்காரர் அதிலேயே எழுதியிருந்தார். ஓட்டலிலும் உணவகத்திலும் நிறம் பார்ப்பதைத் தடைசெய்த சட்டம் 1964இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நம்மிடம் அச்சடித்த புத்தகம் கிடையாது. ஆனால் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு பச்சைப் புத்தகம் இருக்கிறது. இந்த ஊரில் சித்தி மாப்பிள்ளை இருக்கிறார். அந்த ஊரில் இயக்கத் தோழர் நம்பர் இருக்கிறது. ரோட்டோரத்தில் நீலக்கொடி தெரிந்தால் வண்டியை நிறுத்தலாம். கம்பிக் கூண்டுக்குள் அண்ணல் நின்றால் நிறுத்தலாம், ஆனால் ஊருக்குள் கொஞ்சம் பார்த்துப் போக வேண்டும். நம் வண்டி பெட்ரோலில் மட்டும் ஓடுவதில்லை, இந்தத் தகவல்களாலும்தான் ஓடுகிறது.

ஒருமுறை வங்கி நண்பர்கள் இரண்டு பேரோடு தெற்கே பைக்கில் போனேன். ஒரு கிராமத்து டீக்கடையில் பெரியவர் ஒருவர் பிரியமாகத்தான் பேச்சுக் கொடுத்தார். 'தம்பிக்கு எந்த ஊரு?' மெட்ராஸ். 'மெட்ராஸ்ல எங்க?' ஆவடிப் பக்கம். 'பூர்வீகமே அங்கதானா? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது?' நண்பர்கள் டீயை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது விசாரிப்பு. எனக்கு அது விசாரணை. நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். மூன்று பேரும் ஒரே சாலையில்தான் போனோம், ஒரே டீயைத்தான் குடித்தோம். ஆனால் மூன்று பேரும் போனது ஒரே பயணமில்லை.

பயணம் போனால் சாதி கரைந்துவிடும், நெடுஞ்சாலையில் யாருக்கும் யாரையும் தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. சாலை சமத்துவமானதாம். இந்தத் தமிழ்நாட்டுச் சாலையின் கதை என்ன? 1995இல் தென்மாவட்டங்களில் பஸ்ஸில் தொடங்கிய தகராறுதான் கலவரமாகப் பரவி, ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியது வரை போனது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். ஒரு தலித் வீரனின் பெயரை எடுக்க வேண்டும் என்பதற்காகக் கடைசியில் எல்லாத் தலைவர்களின், மன்னர்களின் பெயர்களும் பஸ்ஸிலிருந்து அழிக்கப்பட்டன. சென்னையில் ஓடிய பல்லவனும் அதில் போனது. அதே ஆண்டு ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸை மறித்து. டிக்கெட் எடுத்துக்கொண்டு, எல்லாரையும் போல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள் அவர்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் ஒரு தலித் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று நாடாளுமன்றம் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. செருப்புப் போடுவதையும் புதுத் துணி உடுத்துவதையும் அதே இடத்தில் சேர்த்து எழுதினார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட்டில் வீடு திரும்பிய தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் அவன் செய்த குற்றம் என்றார்கள் குடும்பத்தார். புல்லட் சென்னையில் தயாராகிற வண்டிதான். காசு கொடுத்தால் யாருக்கும் விற்பார்கள். அதில் உட்கார்ந்து போவது மட்டும் விற்பனைக்கு இல்லை போலிருக்கிறது.

இப்போது நம் தோழர்கள் பக்கம் திரும்புகிறேன். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர், 'நாட்டுல இவ்ளோ பிரச்சன இருக்கு, உனக்கு டூர் ஒரு கேடா?' என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே நம் துயரமும் இருக்கிறது.

நாமும் ஊர் ஊராகப் போகிறோம். எதற்குப் போகிறோம்? பிணத்தைப் பார்க்கப் போகிறோம். உண்மை அறியும் குழுவோடு போகிறோம். ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம். நினைவு நாளுக்குப் போகிறோம். நம் பிள்ளைகள் தமிழ்நாட்டு வரைபடத்தைக் கொலைகளை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். திருநெல்வேலி என்றால் மற்றவனுக்கு அல்வா. நமக்கு 1999 ஜூலை 23, தாமிரபரணியில் பதினேழு பேர். தஞ்சைச் சமவெளி என்றால் மற்றவனுக்குக் கோபுரம், கச்சேரி. நமக்குக் கீழ்வெண்மணி, 1968, நாற்பத்து நான்கு பேர். மறக்கச் சொல்லவில்லை. மறக்கவே கூடாது. ஆனால் தாமிரபரணியில் நம் பிள்ளை ஒருநாள் சும்மா இறங்கிக் குளிக்கவும் வேண்டாமா? நம்மை அடித்தவன் நம்மிடமிருந்து அந்த ஆற்றையும் சேர்த்தே பிடுங்கிக்கொள்ள விடலாமா?

உழைக்கும் தலித்துகள் எப்போதுமே பயணம் செய்தவர்கள். கண்டிக்குத் தேயிலை பறிக்க, பர்மாவுக்கு, மலேயாவுக்கு, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் ஒரிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் செங்கல் அறுக்கின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நாட்டைக் கடந்து வந்தவர்கள். சூளையையும் ரயில் பெட்டியையும் தவிர அவர்கள் பார்த்த இந்தியா எது? 2020 மே 8 அதிகாலையில் ஊருக்கு நடந்தே கிளம்பிய மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் அசதியில் தண்டவாளத்தில் படுத்துத் தூங்க, சரக்கு ரயில் ஏறிப் பதினாறு பேர் செத்தார்கள். அது நடந்ததும் அவுரங்காபாத் பக்கத்தில்தான். அம்பேத்கரின் வண்டிகள் 1934இல் புழுதியோடு போன அதே வட்டாரம். எங்கே இருட்டுகிறதோ அங்கே படுக்கை என்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த அர்த்தம் இதுதான். ஆகவே சும்மா போகும் உரிமை பற்றிப் பேசினால் சம்பளத்தோடு விடுமுறை பற்றியும் பேச வேண்டும். என்னைப் போன்ற வங்கி குமாஸ்தாவுக்கு எல்.எஃப்.சி. உண்டு. ஆவடியில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு? இதைச் சங்கங்கள் கோரிக்கையாக எழுதட்டும்.

பெண்கள் விஷயத்தில் நாமும் ஊர்க்காரன் மாதிரிதான் நடந்துகொள்கிறோம். ஆண் தோழர் 'இயக்க வேலை' என்று நாலு நாள் போய்வருவார். மனைவி அடுத்த தெருவுக்குப் போனாலும் காரணம் சொல்ல வேண்டும். 'சும்மா' என்று அவர் சொன்னால் வீட்டில் சண்டை. சேரிக்கு ஊர் எப்படியோ, பெண்ணுக்கு வீடு அப்படியிருந்தால் நாம் கேட்கும் விடுதலை பாதிதான்.

என்ன செய்யலாம்? கிளம்பலாம். அய்யங்காளி 1893இல் இரண்டு மாடு பூட்டிய வில்வண்டியில் ஏறி, திருவிதாங்கூரில் புலையர் நடக்கக் கூடாத பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். சந்தைக்குச் சாமான் வாங்க அவருக்கு அந்த வண்டி தேவையில்லை. போவதற்காகவே போனார். அடிக்க வந்தார்கள், எதிர்த்து நின்றார். சும்மா போவது சில நேரம் பெரிய போராட்டம்.

நம் மாணவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, பெண்களும் ஆண்களுமாக, விடுமுறையில் கிளம்புங்கள். மாநாட்டுக்கு இல்லாமல், கருத்தரங்குக்கு இல்லாமல். வழியில் நிழல் நன்றாக இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். கேட்டால் 'சும்மா' என்று சொல்லுங்கள். தண்ணீர் மறுக்கப்பட்டால், அறை மறுக்கப்பட்டால், டம்ளர் மாறினால் சுற்றுவழியில் போய்விடாதீர்கள். தேதி, இடம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று 15ஆவது பிரிவு சொல்கிறது. புகார் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி அதற்குப் பழக்கம் உண்டாக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த இதழை வாசிக்கிறவர்கள் தங்கள் சேரியின் கதவைத் திறந்து வைப்போம். தௌலதாபாத்தில் தேநீரோடு காத்திருந்தவர்களைப் போல. எல்லோராவின் பௌத்தக் குகைகள் நிலையாகத் தங்காமல் ஊர் ஊராக நடந்த பிக்குகள் மழைக்காலத்தில் ஒதுங்குவதற்காகக் குடைந்தவை. யாரையும் எந்தத் தெரு என்று கேட்காமல் சேர்த்துக்கொண்ட சங்கம் அது. நம் வாசல்கள் அப்படி இருக்கட்டும். ஊர் நம்மை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிற நாள் வரும்வரை நம் வழிக்கு நாமே திண்ணை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அம்பேத்கர் தன் நூலுக்கு விசாவின் பெயரை வைத்தது வேறு நாட்டுக்குப் போவதற்காக இல்லை, சொந்த நாட்டுக்குள் நடப்பதற்காக. அந்த விசாவை யாரும் கொடுக்கப்போவதில்லை தோழர்களே. வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள்.